டக் நாற்காலியும் தலைவர் நாற்காலியும்

பெயர் பிரோனி ஹாலோரன். வயது பதினேழு. முகவரி: ரயில்வே தெரு, கூலாபா க்ரீக், குயின்ஸ்லாந்து. தாயார் ஷெரில் உடனிருக்க, சார்ஜென்ட் டகன் முன்னிலையில் நான் சொல்வதாவது:

பள்ளி முடித்த நான், வரும் திங்கட்கிழமை டார்கோ வுகிச்சின் பிளாஸ்டிக் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர இருக்கிறேன். என்மேல் வழக்கு வந்தால் அந்த வேலை போய்விடும். நான் குறும்புக்காரி என்பதை மறுக்கவில்லை, ஊரே சாட்சி. ஆனால் கிரிக்கெட் சங்கத் தலைவர் நெவில் க்ராஸ்பி புகாரில் சொல்வதுபோல, அவருடைய வெள்ளை நாற்காலியின் காலை நான் அறுக்கவில்லை.

மேற்படி வெள்ளை நாற்காலியையும் அதன் ஜோடியான சாம்பல்நிற நாற்காலியையும் டார்கோ ஒரே அச்சில் வார்த்து, சில கோடைகளுக்கு முன் மைதானத்தின் ஓரம் வெயிலில் போட்டார். சாம்பல்நிற நாற்காலியில் மட்டும் கிராஃபீன் தூள் கலந்திருந்தது. அது பென்சில் கரியின் வகையறா. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தான் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கை நொறுங்காமல் காக்கிறதா என்று பார்ப்பது அவர் நோக்கம். அதன் பின் எங்கள் சங்கத்தார், பார்க்க அசிங்கமாக இருந்ததால் சாம்பல்நிற நாற்காலியை டக் நாற்காலி ஆக்கினார்கள். ஓட்டமே எடுக்காமல் அவுட் ஆனவர் ஆட்டம் முடியும்வரை அதில்தான் உட்கார வேண்டும். பளிச்சென்று இருந்த வெள்ளை தலைவருக்குப் போனது.

போன வாரம் தலைவரே டக் அவுட் ஆனார். “தலைவனுக்கு டக் கிடையாது, பொண்ணே. சட்டத்தைப் படி” என்று சொல்லி வெள்ளையில் சாய்ந்துகொண்டார். அப்படியொரு சட்டம் இல்லை.

அதன் பின் நேற்றுக் காலை, அவரை ஏமாற்றி டக் நாற்காலியில் உட்கார வைக்கும் நோக்கத்துடன், கோடு போடும் சுண்ணாம்பைச் சாம்பல் நாற்காலிக்கும், இறைச்சி சுடும் அடுப்பின் சாம்பலை வெள்ளை நாற்காலிக்கும் பூசி, இரண்டையும் இடம் மாற்றினேன். வெள்ளை நாற்காலியின் அருகே நான் குனிந்திருந்ததாகப் புகாரில் சொல்லியிருப்பது அதைத்தான். அப்போது அன்றைய ஆட்டத்துக்கு நடுவராக வந்த சார்ஜென்ட் டகன், “ஆரம்பிச்சிட்டியா வாலு? கழுவு ரெண்டையும். நெவில் அதுல உக்காந்தான்னா என் காதுதான் கிழியும்” என்றார்.

“அவரு உக்காந்தா நாற்காலிதானே வருத்தப்படணும், சார்ஜென்ட்?”

“வாயை மூடிட்டுக் கழுவு.”

கழுவினேன். அதன் பின் சார்ஜென்ட் தம் கையாலேயே வெள்ளையைத் தலைவரின் இடத்தில் வைத்தார்.

தேநீர் இடைவேளையில் தலைவர் வந்து உட்கார்ந்ததும் அதன் பின்கால் முறிந்தது, கையூன்றி விழுந்ததில் அவர் மணிக்கட்டும் முறிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன் பின் டார்கோ வந்து உடைந்த காலை விரலால் தேய்த்ததில் மாவுபோல வெள்ளைப் பொடி ஒட்டியது. நாற்காலி முழுவதும் மெல்லிய வெடிப்புகள் இருந்தன. சாம்பல் நாற்காலியைத் தேய்த்தார், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. “ரம்பமும் இல்ல, கத்தியும் இல்ல. வெயில் தின்னுருக்கு” என்றார்.

என் குறும்பை யாரும் தடுக்காமல் இருந்திருந்தால் தலைவரின் கை இப்போது நன்றாக இருந்திருக்கும். இந்த வரியை எழுதத்தான் வேண்டுமா என்று சார்ஜென்ட் கேட்டார். வேண்டும் என்றேன். எழுதினார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நிஜம். சான்றுப் பொருளாக நிலையத்துக்கு வந்த இரண்டு நாற்காலிகளில், சார்ஜென்ட் உட்கார்ந்து இதை எழுதியது டக் நாற்காலியில் என்பதும் நிஜம்.

(ஒப்பம்) பிரோனி ஹாலோரன்