ஒன்றில் வைக்கச் சொன்னான்

இப்போதெல்லாம் தீப்பெட்டியைக்கூட நான் படித்துவிட்டுத்தான் உரசுகிறேன். ஐம்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவனுக்கு வந்த கோளாறு இது, ஐயா. மாத்திரை அட்டை, சோப்பு உறை, கழிவறைக் கதவு எதையும் விடுவதில்லை. ஊரே என்னோடு பேச ஆரம்பித்துவிட்ட மாதிரி இருக்கிறது. துக்க வீட்டில் இந்த ஆள் வாயெல்லாம் பல்லாகத் திரிகிறானே என்று நீங்கள் நினைத்திருந்தால், காரணம் இதுதான்.

நான் வேலை செய்யும் பட்டறையை நீங்கள் பார்த்தீர்கள். பழைய வேன்களுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி வீட்டு வண்டியாக மாற்றுவோம். பதினொரு வருடமாக அங்கே பேட்டரியும் பலகையும் தூக்கித் தூக்கி என் முதுகு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. என் மனைவியின் தம்பி அங்கே எலக்ட்ரீஷியன். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். வீட்டுக்கு என்ன காகிதம் வந்தாலும் அவன்தான் படித்துச் சொல்வான். மருந்துச் சீட்டைக்கூட ராகம் போட்டுப் படிப்பான். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு எடுத்தார். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு எட்டு மாதம் போனேன். ஒருநாள் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு என் மனைவிக்குப் படித்துக் காட்டி அவளை அசத்த வேண்டும் என்பது திட்டம். அவள் ஒருமுறை, "அத்தனை பல்லா இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டாள். தப்பித்தேன்.

அதற்குள் ஒரு காலையில் கொடியில் என் வேலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் எழுத்து இருக்கும். "கம்பெனி பேரு மாமா, பெருமையா போட்டுக்குங்க" என்று மச்சினன் எழுதிக் கொடுத்தது. முதல் எழுத்து கொஞ்சம் மல்லுக்கட்டியது. மற்றவை தானாக வந்தன.

'ஹாரன் அடிக்கவும்.'

பட்டறையில் என் பின்னால் வருகிறவர்கள் 'பாம் பாம்' என்பார்கள். பிரியத்தில் சொல்கிறார்கள் என்று எண்ணி, ஒதுங்கி வழிவிட்டு, சிரித்து வைப்பேன். நல்ல வேடிக்கைதான். கொடியடியில் நின்று நானே வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த எழுத்து மங்கும்போதெல்லாம் பேனாவால் மேலே எழுதி, கறுப்பாக்கிக் கொடுத்தவள் என் மனைவி. அவள் எட்டாவது வரை படித்தவள். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். வரவே இல்லை.

அந்த மாதம் மச்சினன் தனக்கென்று ஒரு வண்டியைத் தயார்செய்தான். அவன், அவன் அக்கா, நான், மூன்று பேரும் ஒரு வாரம் கடற்கரைப் பக்கம் சுற்றிவரலாம் என்று பேச்சு. கூரையில் சூரிய மின்பலகைகளை அவன் பொருத்தினான். உள்ளே கண்ட்ரோலரை நான் மாட்டினேன். வெயிலில் வரும் மின்சாரத்தை அளந்து பேட்டரிக்கு விடுகிற சின்னப் பெட்டி அது. கூடவே ஒரு தாள் இருந்தது. ஒன்பது மொழி. ஏழாவது நம்முடையது.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். 'முதலில் பேட்டரியை இணைக்கவும், பிறகு பலகையை' என்று போட்டிருந்தது. பதினொரு வருடமாக நான் செய்துவருவதைத்தான் அந்தத் தாள் சொன்னது. அச்சடித்த ஒன்று என் பக்கம் நின்றது அதுவே முதல் தடவை. அடுத்து, கொட்டை எழுத்தில் 'எச்சரிக்கை'. நடுவில் புள்ளி வைத்த ச ஒன்று, வைக்காத ச ஒன்று, அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. மூடிய பேட்டரிக்கு எண் ஒன்று. தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு எண் மூன்று. மாற்றி வைத்தால் மூடிய பேட்டரி கொதித்து வாயு கக்கும். வாயு வெளியேறும் குழாயை அடைக்கக் கூடாது. அருகில் நெருப்புக் கூடாது. இரண்டு முறை படித்தேன். ஒரு வார்த்தைகூட முரண்டு பிடிக்கவில்லை. எங்கள் பேட்டரிகள் மூடியவை.

கூரையிலிருந்து குரல் வந்தது. "மாமா, பட்டனை அமுக்கி ஒண்ணுல வைங்க. ஒண்ணு தெரியுமில்ல? குச்சியாட்டம் நிக்கும்."

"தெரியும்ப்பா."

"வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா அது ஒண்ணு இல்ல."

"வச்சிட்டேன்."

மூன்றில் வைத்தேன். இருக்கைக்கு அடியில் பேட்டரிகளோடு இருந்த வாயுக் குழாயில் கந்தல் துணியைத் திணித்தேன். அவன் இறங்கி வந்து பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது. எண்ணைப் பார்க்கவில்லை. என் முதுகில் தட்டி, "மாமா கைவைச்சா பிசகுமா" என்றான். பார்த்திருக்க வேண்டியது அவன் கடமை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

கிளம்பும் காலையில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்றேன். என் மனைவி தைலம் தேய்த்துவிட்டு, "நானும் இருந்துடவா?" என்று கேட்டாள்.

"நீ போயிட்டு வா," என்றேன். "கடலைப் பாக்கணும்னு எத்தனை நாளா சொல்லிட்டிருக்க."

மூன்று நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் மதியம் புழுதிக் காற்றுக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருவரும் உள்ளே இருந்திருக்கிறார்கள், அவள் டீ போட அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். மீதியை நீங்கள்தான் போய்ப் பார்த்தீர்கள்.

விசாரணையில் நீங்கள் என்னிடம், "படிக்கத் தெரியுமா பெரியவரே?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டறை முதலாளி முந்திக்கொண்டார். "அவருக்கு அ, ஆவே தெரியாது சார். பாவம், தெரியாம கை வச்சிட்டார்." நீங்கள் என் தோளைத் தொட்டு, "மனசைத் தேத்திக்குங்க, உங்க மேல தப்பில்ல" என்று சொல்லி எழுதினீர்கள். எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே அதைப் படித்தேன். 'எழுத்தறிவில்லாத உதவியாள் அறியாமல் செய்த பிழை.' தலைகீழாகப் படிக்க டீச்சர்கூடச் சொல்லித் தரவில்லை. என்னால் தாங்க முடியவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அழுகிறேன் என்று தண்ணீர் கொடுத்தீர்கள்.

அந்த வரியில் ஒரு சொல்லும் சரியில்லை, ஐயா. அறிந்தேதான் செய்தேன். தாளைப் படித்து, புரிந்துகொண்டு, அவள் அந்த இருக்கையில்தான் உட்காருவாள் என்று தெரிந்துகொண்டு செய்தேன். எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இவ்வளவு நீளமாக நான் எழுதியது இதுவே முதல் தடவை. நான்கு பக்கம், அடித்தல் இரண்டே இடம். முடித்ததும் சந்தோஷம் தாளாமல் சமையலறைப் பக்கம் திரும்பி, "இங்க வாயேன், ஒண்ணு படிச்சுக் காட்டறேன்" என்று கூப்பிட்டேன். ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.