ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நிறம்

சாய்கல்: இதுல அவுரி கலந்திருக்கா?

புருல்: இல்லம்மா, வெறும் மருதாணி. ஜய்மா சந்தையில வாங்கினேன். இதை மட்டும் போட்டா நரையெல்லாம் ஆரஞ்சா நிக்கும். அலசிட்டு அவுரியைத் தனியா அப்பணும். எப்படியும் நாலு மணி நேரம் ஆகும்.

சாய்கல்: அவ்வளவு நேரமா... நான் போர்சோக் பொரிக்க ரொட்டி மாவு பிசையணுமே.

புருல்: ஒத்தை ஆளுக்கு எதுக்கு அண்டா நிறைய போர்சோக்? யாராவது வராங்களா?

சாய்கல்: ஏன், நான் திங்கக்கூடாதா? அந்த டப்பாவைக் காட்டு.

புருல்: இது நிரந்தர டை. வளந்து வெட்டினாத்தான் போகும். ஆனா முழங்கை மடிப்புல ஒரு துளி தடவிட்டு, ஒத்துக்குதான்னு ரெண்டு நாள் பாக்கணும்.

சாய்கல்: நாளைக்கே வேணும்டி...

புருல்: நாளைக்கு என்ன?

சாய்கல்: பள்ளிக்கூடத்துல... சமையல்கட்டு ஆளுங்களை எல்லாம் படம் எடுக்கறாங்க. அடையாள அட்டைக்கு.

புருல்: ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் ஏது?

சாய்கல்: படம் புடிக்கறவனுக்கு அன்னிக்குத்தான் ஒழியுமாம்.

புருல்: அப்படியா... சரி.

சாய்கல்: என்ன சிரிப்பு? உன் கல்யாணத்துக்கு எனக்கு ஒண்ணு போட்டுவிட்டியே, அது இருக்கா?

புருல்: இருக்கு. ஆனா ஏழெட்டு தரம் தலைக்கு ஊத்தினா வெளுத்துடும். தலகாணி உறையெல்லாம் கறையாச்சுன்னு என்னை அந்தத் திட்டு திட்டினியே?

சாய்கல்: பரவால்ல, அதுவே போதும். பிடிக்கலைன்னா கழுவிடலாமில்ல.

புருல்: யாருக்குப் பிடிக்கலைன்னா?

சாய்கல்: அந்தச் சீப்பை எடு.

புருல்: அம்மா?

சாய்கல்: உனக்கு.

புருல்: தலை உன்னுது. எனக்கென்ன?

சாய்கல்: நான் தலையைச் சொல்லலை. இப்படி உக்காரு. எங்க பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி வண்டி ஓட்டிட்டு வருவாரே தெமிர்குல்... அவர் சம்சாரம் போய் ஒம்பது வருஷம் ஆச்சு. நாளைக்கு டீக்கு வரட்டுமான்னு கேட்டார். நானும்... வாங்கன்னுட்டேன்.

புருல்: ம்.

சாய்கல்: உங்கப்பா போய் ஏழு வருஷம்தான் ஆகுது, எனக்குத் தெரியும். அவர் இடத்துல யாரையும் உக்கார வைக்கலை. உனக்கு மனசு சங்கடமா இருந்தா சொல்லு, இப்பவே போன் பண்ணி வேணாம்னுடறேன். நாலு நாளா சோறு இறங்கலைடி எனக்கு, உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு.

புருல்: நாலு நாளாவா? நான் ஒரு மாசமா காத்துக்கிட்டிருக்கேன், நீ எப்பத்தான் வாயைத் திறப்பேன்னு.

சாய்கல்: என்னடி சொல்ற?

புருல்: அழாதே, கழுத்துல துண்டைச் சுத்து. உன் தெமிர்குல் போன மாசமே என் மருந்துக்கடைக்கு வந்துட்டார். தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு வரிசையில நின்னார். முறை வந்ததும், மாத்திரை கேப்பார்னு பாத்தா, 'டீக்கு வரட்டுமான்னு உங்கம்மாகிட்ட கேக்கலாமா'ன்னார். பின்னால நின்ன பொம்பளைங்க அத்தனை பேரும் 'கேளுங்க, கேளுங்க'ன்னாங்க. நான் எழுந்து நின்னு... 'நம்ம ஊர் வழக்கப்படி டீயில உப்பு போட்டா எங்கம்மாவுக்குப் பிடிக்காது, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க'ன்னு சொல்லி அனுப்பினேன்.