ஜெனரலுக்குப் பக்கத்து இடம்

குண்டு விழுகிறது. பின்தெரு. இல்லை, அதைவிடப் பக்கம். ஜன்னல் கண்ணாடி முதலில் உள்நோக்கி வளைகிறது. பிறகுதான் உடைகிறது. அந்த வளைவை நான் கண்ணால் பார்த்தேன்.

“கீழே! எல்லாரும் கீழே!”

படிக்கட்டில் யாரோ கத்துகிறார்கள். நான் தண்ணீர்க் கேனைத் தூக்குகிறேன். மருந்துப் பையைத் தோளில் மாட்டுகிறேன். என் மனைவி லரீசா அலமாரியைத் திறக்கிறாள். எனக்குப் போர்வை எடுக்கிறாள் என்று நினைத்தேன். அவள் எடுத்தது ஜெனரலின் கோட்டு. சாம்பல் நிறக் கம்பளி. பித்தளைப் பொத்தான்கள். தூங்கும் குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். படியிறங்கினாள். நான் பின்னால்.

2022, பிப்ரவரி இருபத்து நான்கு. விடியற்காலை. கார்கிவ் நகரம். ரஷ்யப் படை எல்லையைத் தாண்டிவிட்டது என்று கைப்பேசி சொன்னது. அதற்கு முன்பே ஜன்னல் சொல்லிவிட்டது.

நான் நெடுங்காட்டுக்காரன். காரைக்காலுக்கு மேற்கே. அப்பா நெல் விவசாயி. டாக்டருக்குப் படிக்கக் கார்கிவ் போனேன். படித்தேன். லரீசாவைக் கட்டிக்கொண்டேன். அங்கேயே தங்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர். ஜெனரலோடு மூவர்.

ஜெனரல் என்றால் லரீசாவின் தாத்தா. அவள் அம்மாவைப் பெற்றவர். நான் அந்த ஊரில் காலெடுத்து வைப்பதற்கு முன்பே செத்துப்போனவர். செத்தும் போகாதவர். மூன்றாம் மாடியில் அந்த வீடு அவருடையது. மேசை அவருடையது. சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே அவர் படம். சீருடை. இரண்டு வரிசைப் பதக்கம். இறுக மூடிய உதடு. இருபது வருடம் அந்தக் கண்ணுக்குக் கீழேதான் சோறு தின்றேன்.

குழாய் ஒழுகினால், “தாத்தா இருந்தா இதுக்குள்ள சரி பண்ணியிருப்பார்.” எனக்கு வேலை உயர்வு தள்ளிப்போனால், “தாத்தா யார்கிட்டயும் போய் நின்னதில்லை.” லரீசா குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்கு மூச்சு விடுவதுபோல் அது. எனக்குத்தான் மூச்சு முட்டும். உயிரோடு இருக்கும் ஒருவனிடம் போட்டி போடலாம். அவன் ஒரு நாள் வழுக்கி விழுவான். செத்தவர் விழமாட்டார்.

அவர் கதை எனக்கு மனப்பாடம். என் அப்பாவின் கதையைவிட நன்றாகத் தெரியும்.

பொல்தாவா பக்கம் ஒரு கிராமம். கூலி விவசாயியின் மகன். மீசை முளைக்குமுன் குதிரைப்படையில் சேர்ந்தார். புரட்சிக்குப் பின் வந்த உள்நாட்டுப் போரில் சண்டை போட்டார். ராணுவ அகாடமியில் படித்தார். ஸ்டாலின் காலத்தில், முப்பத்தெட்டில் பிடித்துக்கொண்டு போனார்கள். எதிரியின் உளவாளி என்று குற்றச்சாட்டு. விசாரணையில் முன்பற்கள் போயின. பிறகு விட்டுவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரும்புப் பல் கட்டிக்கொண்டு மறுபடியும் சீருடை போட்டார்.

நாற்பத்தொன்றில் ஜெர்மானியர் வந்தார்கள். இவர் நடத்திய படைப்பிரிவு, அதாவது டிவிஷன், கார்கிவை விட்டுப் பின்வாங்கியது. மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் லாரியில் இடம் வைத்திருந்தார். கடைசி நேரத்தில் அந்த இடத்தில் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றச் சொன்னார். மனைவியும் மகளும் நகரத்தில் நின்றுபோனார்கள். அந்தக் குளிர்காலத்தில் மனைவி பட்டினியில் செத்தாள். மறு வருடம் அவர் படை முற்றுகை வளையத்தில் சிக்கியது. விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்களோடு தோனெட்ஸ் ஆற்றை நீந்தி வெளியே வந்தார். நாற்பத்து மூன்று ஆகஸ்டில் நகரத்தை மீட்ட படைகளில் அவர் டிவிஷனும் ஒன்று. தெருமுனையில் ஜீப்பை நிறுத்தினார். தன் பழைய வீட்டின் நிலவறைக்குள் இறங்கினார். கரிக்குவியலுக்குப் பின்னால் ஒரு குழந்தை. பக்கத்து வீட்டுக்காரி காப்பாற்றி வைத்திருந்தாள். அதுதான் மகள். லரீசாவின் அம்மா. ஜெனரல் சிரித்தார். குழந்தை இரும்புப் பல்லைப் பார்த்து வீறிட்டது. அதன் பிறகு அவர் வாய் திறந்து சிரித்ததே இல்லையாம்.

“திரும்பி வந்தார் இல்லையா?” என்பாள் லரீசா. ஒவ்வொரு முறையும் அங்கேதான் கதையை நிறுத்துவாள்.

“விட்டுட்டுப் போனதும் அவர்தானே?” என்று ஒரு முறை கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

போருக்குப் பிறகான கதையை அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஜெனரலோடு அகாடமியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் மார்ஷல் ஆனார். இவரை உரால் மலைப்பக்கம் ஒரு மூலைக்கு அனுப்பினார்கள். சீக்கிரமே ஓய்வு கொடுத்தார்கள். வருடா வருடம் ஜெர்மனியை வென்ற வெற்றி நாளில் வானொலிக்கு முன் உட்காருவார். அந்த மார்ஷலின் பெயர் வரும். எழுந்து போய் அணைத்துவிடுவார். பேத்தி பார்க்கிறாள் என்று தெரிந்தால் இருமுவார்.

அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான்.

இப்போது அதே நிலவறை. அதே வீடு. கரிக்குவியல் மட்டும் இல்லை. லரீசா கோட்டை ஒரு குழாயில் தொங்கவிட்டாள். மேலே பீரங்கி. தொலைவில் போகும்போது மரக்கதவைத் தட்டும் சத்தம். பக்கத்தில் வரும்போது தார்ப்பாயைக் கிழிக்கும் சத்தம். சத்தம் இல்லாதபோதுதான் பயம்.

கீழ்த்தளத்து மிகோலா, ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், கோட்டைப் பார்த்துக் கொதித்தார்.

“இந்தச் சோவியத் கோட்டு போட்டவனோட பேரன்கதான் இப்ப நம்ம தலையில குண்டு போடுறானுங்க. கண்ணுக்கு முன்னால வைக்காதே அதை!”

“இந்த ஊரை மீட்டவரோட கோட்டு இது,” என்றாள் லரீசா. குரலை உயர்த்தவில்லை. கதையைச் சொன்னாள். ஆறு. ஜீப். கரிக்குவியல். குழந்தை. “இதோ, இந்த மூலையில்தான்,” என்று கை காட்டினாள். எல்லோரும் அந்த மூலையைப் பார்த்தார்கள். ஒரு பெண் அழுதாள். மிகோலா தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அந்த நேரம் நான் ஒரு சிறுமியின் மணிக்கட்டுக்கு அட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் நாளிலிருந்து அந்த நிலவறைக்கு நான்தான் டாக்டர். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவரைத்தான் பார்த்தார்கள். குழாயில் தொங்கும் காலிக் கோட்டை.

அண்ணன் நெடுங்காட்டிலிருந்து அழைத்தபடியே இருந்தான்.

“தம்பி, படிக்கப் போன புள்ளைங்கல்லாம் வந்துக்கிட்டு இருக்குதுங்கடா. டிவில காட்டுறான். நீ ஏன்டா அங்கயே கெடக்குற?”

“லரீசா வரமாட்டேங்குறாண்ணே.”

“போன அதுகிட்ட குடு. நான் பேசுறேன்.”

கொடுத்தேன். லரீசாவுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். “அண்ணா, சாப்பிட்டீங்களா?” என்றாள். அந்தப் பக்கம் அண்ணன் அழுதுவிட்டான்.

என்னிடம் ரஷ்ய மொழியில் சொன்னாள்: “நீ போ குணா. உன்னைத் தப்பா நினைக்கமாட்டேன். இது அவர் திரும்பி வந்த வீடு. பூட்டிட்டுப் போக எனக்கு மனசு வரலை.”

நான் போகவில்லை. அன்பு என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை வேறு. அவளையும் அவரையும் தனியாக விட்டுப்போக எனக்குத்தான் மனசு வரவில்லை.

மார்ச். பனி. எங்கள் மாடி ஜன்னல்கள் எல்லாம் போய்விட்டன. காலையில் லரீசா மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “படத்து மேல பனி விழுது,” என்றாள். “முகமெல்லாம் பனி.” நான் வேறு பேச்சை எடுத்தேன். “என் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு. சமையலறையில ஒரு அட்டை இருக்கு. சாயந்திரம் எடுத்துக்கறேன்.” அவள் தலையாட்டினாள். இந்த இரண்டு பேச்சும் அடுத்தடுத்து நடந்தன. அதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன்.

மதியம் எதிர்க் கட்டடத்திலிருந்து ஆள் வந்தான். அங்கே நிலவறையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. நான் ஓடினேன். குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. தொப்புள்கொடியை வெட்டுகிறேன். மேலே விசில். நீளமாக.

“படுங்க! படுங்க!”

படுத்தேன். குழந்தைக்கு மேல் கவிழ்ந்தேன். தரை ஒரு முறை எழும்பி இறங்கியது. தூசி. குழந்தை தும்மியது. வெளியே வந்தேன். எங்கள் வாசல் தெரியவில்லை. புகைதான் தெரிந்தது.

மிகோலா வாசலிலேயே கிடந்தார். தாண்டிப் போனேன். “மேலே போகாதே! இடியும்!” என்று ஒருத்தி கத்தினாள். லரீசா இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே இருந்தாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து. முகத்தில் ஒன்றும் இல்லை. முதுகில்தான் எல்லாம். நாடி பார்த்தேன். டாக்டர் என்பதால் இல்லை. வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

இரண்டு கையும் காலி.

மேலே போனேன். வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. திறந்தேன். சமையலறையில் மாத்திரை அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. சுவரில் படம் இருந்த இடத்திலேயே இருந்தது. பிரேமில் பனி. ஒரு கீறல்கூட இல்லை. அவள் மேலே வந்து சேரவில்லை. எதை எடுக்க வந்தாள்? பின்னால் நிலவறையில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். “இதோ வந்துடறேன்னு சொன்னா,” என்றார்கள். அவ்வளவுதான்.

படத்தை நான் தொடவில்லை. பனி விழட்டும் என்று விட்டேன். மாத்திரையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே ஒரு பெண் அவள்மேல் ஜெனரலின் கோட்டைப் போர்த்தியிருந்தாள். நான் அதை உருவினேன். என் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன்.  

மறுநாள் ராணுவ வண்டியில் கொண்டுபோனோம். குடும்பக் கல்லறை. மூன்று பேருக்கு இடம். ஒன்றில் ஜெனரல், கருங்கல் மார்புச் சிலையோடு. ஓரத்தில் அவர் மகள். நடுவே ஒன்று காலி. உறைந்த மண். கடப்பாரை போட்டுத்தான் வெட்டினார்கள். “சீக்கிரம்! சீக்கிரம்!” என்று டிரைவர் கத்துகிறான். வடக்கே தார்ப்பாய் கிழிகிறது. என் கோட்டோடு அவளை இறக்கினேன். ஜெனரலுக்குப் பக்கத்தில். சிலையின் உதடு மூடியேதான் இருந்தது. எனக்கு மட்டும் அது சிரித்தது.

என்னிடம் வேறு கோட்டு இல்லை. குளிரில் வேறு வழியும் இல்லை. ஜெனரலின் கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். தோள் பெரிது. கை விரல்நுனி வரை வந்தது. கழுத்துப் பட்டையில் பழைய புகையிலை வாசம். இருபது வருடம் யாரை வெறுத்தேனோ அவர் சூட்டில்தான் உயிர் பிழைத்தேன். மேற்கே ஒரு ரயில் நிலையம். இளம் சிப்பாய் ஒருவன் பொத்தான்களில் சோவியத் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டான்.

“கழற்று அதை! இப்பவே கழற்று!”

கழற்றினேன். அவன் அதை ஒரு மூலையில் எறிந்தான். கொஞ்ச நேரம் நடுங்கியபடி நின்றேன். சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு கன்னியாஸ்திரீ போர்வை தந்தார். எல்லை. விமானம். சென்னை. கிழக்குக் கடற்கரைச் சாலை. வீடு.

அண்ணன் படத்திறப்புக்கு எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். வாசலில் பந்தல். பெரிய பிளெக்ஸ். பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பிளெக்ஸின் மேல்பாதி முழுக்க ஜெனரல். சீருடை. பதக்கம். அதே கண். அவர் மார்புக்குக் கீழே சின்னதாக லரீசா. “சோவியத் தளபதியின் பேத்தி” என்று பெரிய சிவப்பு எழுத்து. ‘கண்ணீருடன்’ என்ற சொல்லுக்குக் கீழே பெயர்கள். அண்ணன் பெயர் முதலில். அடுத்தது நான்.

எப்போதோ நான் அனுப்பிய போட்டோ அது. சாப்பாட்டு மேசையில் லரீசா. பின்சுவரில் அவர். பிளெக்ஸ் கடைக்காரர் சுவரிலிருந்து அவரைத் தனியாக எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்.

“அண்ணே, இவரு எதுக்கு?”

“என்னடா இப்புடிக் கேக்குற? ஹிட்லர எதுத்து நின்ன மனுஷன். நம்ம ஜனத்துக்கு லரீசா யாருன்னு எப்புடித் தெரியும்? இவர வச்சாத்தான் தெரியும்.”

வந்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். திருநள்ளாற்றிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இவரு ஒனக்கு என்னா முறை தம்பி?”

“மாமியாரோட அப்பாங்க.”

“என்னா கம்பீரம் பாரு! அதான் அந்தப் பொண்ணு ஊர வுட்டு வராம அங்கயே நின்னுருக்கு. ரத்தம் அப்புடி.”

நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். அண்ணி பின்னாலேயே வந்தார்.  என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க போய்க் குளிங்க தம்பி. நான் பாத்துக்குறேன்.”

கூட்டம் கலைந்ததும் தையல் மெஷின் கத்திரிக்கோலை எடுத்துவந்தார். ஸ்டூலில் ஏறினார். பிளெக்ஸைக் குறுக்கே வெட்டினார். அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணி திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டான். ஆனால் முழுதாக வெட்ட முடியவில்லை. ஜெனரலின் மார்பும் லரீசாவின் தலைமுடியும் ஒன்றோடொன்று கலந்திருந்தன.

“ஒட்டிக்கிட்டே இருக்காரு தம்பி. இவ்ளோதான் வருது. இதுக்கு மேல வெட்டுனா லரீசா முடி போயிடும்.”

கூடத்தில் மாட்டிய லரீசாவின் தலைக்கு மேல் ஒரு வரிசைப் பதக்கம் இன்றும் இருக்கிறது. வெட்டிய மேல்பாதியை அண்ணன் தூக்கியெறியவில்லை. நல்ல கெட்டிப் பிளெக்ஸ். மாட்டுக்கொட்டகையில் விதைநெல் மூட்டைகளுக்கு மேல் விரித்துவிட்டான். மழைக்காலத்தில் கூரை ஒழுகும். ஜெனரல் மல்லாந்து படுத்து எங்கள் நெல்லை நனையாமல் காக்கிறார். நன்றாகத்தான் காக்கிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போனவர்களை எழுதி வைக்கிறேன். மறந்துபோகக் கூடாது. லரீசா. மிகோலா. முதல் மாடி நூலகக்காரி. அவள் கணவன். ஒரே குண்டு. நான்கு பேர். அன்று எதிர்க் கட்டடத்தில் பிறந்த பெண் குழந்தை இருக்கிறாள். போலந்தில் நடக்கிறாளாம். பேசுகிறாளாம்.

கோடையில் இன்னொரு குண்டு விழுந்தது. வீடு போயிற்று. மேசை போயிற்று. சுவரும் சுவரில் இருந்தவரும் போனார்கள்.

எனக்கு மிச்சம் ஒரு கேள்விதான். அவள் எதற்காக மேலே போனாள்? என் மாத்திரைக்கா, அவர் முகத்துப் பனிக்கா? தினமும் கேட்டுப்பார்க்கிறேன். அந்தக் கேள்வியிலும் பாதிதான் என்னுடையது. மறுபாதி அவருடையது.