பித்தளைத் தகட்டின் பின்பக்கம்

என் பெயர் செரஃபினா லாகானா. வயது பத்தொன்பது. தந்தை பெயர் கோசிமோ லாகானா. சொந்த ஊர் தெற்கே கலாப்ரியாவில் உள்ள ஜெராச்சே. தற்போது வடக்கே பாதுவா நகரில், கால்வாய் ஓரத் தெரு, பதினான்காம் எண் கட்டடத்தில், பெர்த்தில்லா காவஸ்ஸான் என்ற எழுபத்தாறு வயது விதவை அம்மாளின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் மருந்தியல் முதலாண்டு படிக்கிறேன். இதற்கு முன் என் மீது வழக்கு எதுவும் இல்லை. இந்த ஊருக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது, அதற்குள் இதையும் பார்த்துவிட்டேன்.

எனக்கு உதவித்தொகை ஒதுக்கியிருப்பதாகவும், அதற்கான பதிவுத் தபாலை நான் வசிக்கும் முகவரியிலேயே கையெழுத்திட்டு வாங்க வேண்டும் என்றும் அக்டோபரில் தகவல் வந்தது. அதன் பிறகு அந்தத் தபால் 'இப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று எழுதப்பட்டுத் திரும்பிப் போனது. உதவித்தொகை அலுவலகத்தில் விசாரித்தபோது, இன்னொரு முறைதான் அனுப்புவோம், அதுவும் திரும்பினால் என் பெயரை நீக்கிவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்போம் என்றார்கள். உதவித்தொகை இல்லையென்றால் நான் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அப்பா மீன் வண்டி ஓட்டுகிறார்; அவரால் முடியாது.

காவல் அதிகாரிக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பதிவாக வேண்டும் என்பதால் சொல்கிறேன். எங்கள் கட்டடங்களில் வீட்டுக்கு எண் கிடையாது. தெருவாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்தான் முகவரி. எங்கள் வீட்டு மணியில் இருந்தது காவஸ்ஸான் என்ற பெயர் மட்டும். அது பெர்த்தில்லா அம்மாளின் கணவர் இருந்தபோது போட்ட பித்தளைத் தகடு. என் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, இடம் இல்லை என்றும், அவர் பெயரை எடுத்தால் அவரையே வெளியே அனுப்பியது போல ஆகும் என்றும் அந்த அம்மாள் சொன்னார். அதன் பிறகு அவரிடம் நான் பேசவில்லை.

அதன் பிறகு கட்டட நிர்வாகி துல்லியோ மார்காந்தோ என்பவரைப் பார்த்தேன். எல்லாத் தகடும் ஒரே அளவில், ஒரே எழுத்தில் இருக்க வேண்டும், புதுத் தகடு போடக் குடியிருப்போர் கூட்டம் கூடித் தீர்மானம் போட வேண்டும், அடுத்த கூட்டம் மார்ச் மாதம் என்றார். இப்போது நவம்பர் நடக்கிறது. அதனால் என் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தகட்டின் கீழே ஒட்டினேன். மதியத்துக்குள் கிழித்துவிட்டார். மறுநாளும் ஒட்டினேன், மறுநாளும் கிழித்தார். மூன்றாம் நாள் கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டபோது அவர் சொன்னது: "உங்க தெக்குல செவுரெல்லாம் பேர எழுதி வச்சுக்குவீங்க போல. இங்க ஒரு முறை இருக்கு, பொண்ணு." அதற்கு நான், "எங்க ஊர் தபால்காரருக்குப் பேரே வேண்டாம் சார், மூக்கப் பாத்தே குடுத்துருவாரு" என்றேன். இதைத்தான், நான் அவரைத் திட்டியதாகப் புகாரில் எழுதியிருக்கிறார்.

இன்று காலை ஏழு மணிக்கு, என் சொந்தத் திருப்புளியால் காவஸ்ஸான் தகட்டைக் கழற்றி, பின்பக்கம் வழவழப்பாக இருக்கவே, அதில் அழியாத மையால் லாகானா என்று எழுதித் திருப்பி மாட்டினேன். உடைக்கவில்லை, கீறவில்லை. அளவு மாறவில்லை. ஆய்வகத்துக்கும் போகவில்லை, வாசலிலேயே நின்றேன். பதினொன்றேகாலுக்குத் தபால்காரர் பெர்னார்தினோ வந்தார். பெயரைப் பார்த்தார், என் அடையாள அட்டையையும் பார்த்தார், கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். அந்த நேரம் மார்காந்தோ படியிறங்கி வந்து, தகடு திருடு போய்விட்டது என்று கத்தி, உங்களுக்குத் தொலைபேசினார். உடனே தபால்காரர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "பேர் தகராறுல இருக்கும்மா. தீந்தப்புறம் குடுக்குறேன். நாளைக்கு ஒரு தடவ வருவேன், அதுக்கப்புறம் திரும்பிப் போயிடும்" என்றார். கடிதம் என் கண் முன்னால் பைக்குள் போனது. அப்போது எனக்கு அழுகை வந்தது என்று எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். தகட்டைச் சான்றுப் பொருளாக உறையில் போட்டு ஒட்டினார்கள். ஆகவே இப்போது எங்கள் மணியில் எந்தப் பெயரும் இல்லை. அழைப்பாணையை எங்கே அனுப்புவது என்று அதிகாரி கேட்டார். அதே முகவரிக்குத்தான் என்றேன். பதிவுத் தபாலில் வருமாம்.

அதன் பிறகு பெர்த்தில்லா அம்மாள் யாரும் அழைக்காமல் தாமாகவே நிலையத்துக்கு வந்தார். புகாரில் சேர்ந்துகொள்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். அவர் உறையை வாங்கி, உள்ளே இருந்த தகட்டை வெளியிலிருந்தே தடவிப் பார்த்துவிட்டு, "இத அவ பேரு இருக்குற பக்கமே தெரியுற மாதிரி மாட்டிடுங்க. அவருக்குக் கடுதாசி வந்து ஆறு வருஷம் ஆச்சு" என்றார்.

மேலே கண்டவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன், உண்மை. நாளை பதினொன்றேகாலுக்கு முன் தகட்டைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) செரஃபினா லாகானா