அரசுத் தரப்பு ஏழாவது சாட்சி

நான் மேடையேறுவதற்கு முன்பே ஒலிபெருக்கியைத் தாழ்த்திவைத்து, என் குள்ளத்தை ஊரறியாமல் காத்த பெருந்தகை, இக்கூட்டத்தின் தலைவர், நம் சங்கத்தின் தலைவர் திரு. சேகரன் அவர்களே! மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஓயாமல் அலைந்து, ஒரு தாயில்லாப் பெண்ணின் வழக்கைத் தன் வழக்காய்த் தூக்கிச் சுமக்கும் வழக்கறிஞர் தீபா அம்மையார் அவர்களே! நஞ்சன்கூடு ஆலையில் என்னோடு முப்பதாண்டு வியர்வை சிந்திய மூத்தோர்களே! ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! எழுந்து செல்ல வசதியாக வாசற்கதவின் அருகே, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி கிரண் அவர்களே! அனைவரின் பாதங்களையும் தொட்டு வணங்கி என் பேச்சைத் தொடங்குகிறேன்.

தலைவர் என்னை ‘நாநயச் செம்மல் செல்லக்கண்ணு’ என்று அறிமுகப்படுத்தினார். சங்கம் தந்த பட்டம். இருபது பொங்கல் விழாக்களில் வழக்காடு மன்றம் நடத்தியவன் நான். மாமியாருக்காக வாதாடியிருக்கிறேன், மறுவருடமே மருமகளுக்காகவும் வாதாடியிருக்கிறேன். மண்டபம் அதிரக் கைதட்டினீர்கள், மாலை போட்டீர்கள், சால்வை போர்த்தினீர்கள். இன்று மட்டும் சால்வை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலைவருக்கு வருத்தம். ஏன் வேண்டாம் என்றேன் என்பது இன்னும் சற்று நேரத்தில் அவருக்கே விளங்கும்.

நண்பர்களே, இன்று நாம் கூடியிருப்பது ஜோதிமணிக்காக. ஹனூர்ப் பக்கத்துக் காட்டுவேலைக் குடும்பத்தில் பிறந்து, கணவனை இழந்து, பிழைப்பு தேடி இந்த மைசூருக்கு வந்தவள். பகலெல்லாம் ஊதுபத்தி உருட்டுவாள். எங்கள் தெருவில் சித்தம்மா என்ற கன்னடத்து அம்மாள் வீட்டின் பின்னறையில் ஒன்பது வருடம் குடியிருந்தாள். குடியிருந்தாள் என்றா சொன்னேன்? இல்லை, மகளாய் இருந்தாள்! சித்தம்மாவுக்குத் தலைவாரி விடுவாள், முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள், சாற்றில் உப்பு கூடிவிட்டது என்று சண்டை போடுவாள். அந்த அம்மாளும் இவள் வராமல் காபியைத் தொட மாட்டார். இரண்டு பேரும் தொலைக்காட்சித் தொடரில் வரும் கெட்ட மருமகளைச் சேர்ந்தே திட்டுவார்கள், ஒருவர் கன்னடத்தில், ஒருவர் தமிழில். தெருவுக்கே கேட்கும்.

அந்த ஜோதிமணிதான் சித்தம்மாவைக் கொன்றாள் என்று தீர்ப்பாகியிருக்கிறது. ஆயுள் தண்டனை! சிறைக்குள் மூன்றாவது வருடம் ஓடுகிறது.

என்ன சான்று? சித்தம்மாவின் தலையில் காயம். கழுத்தில் துணி இறுகிய ஒரு தடம். அந்தக் கழுத்தில் ஒரு துணிக்கிழிசல். அது ஜோதிமணியின் சேலையிலிருந்து கிழித்தது. சித்தம்மாவின் காதில் கிடந்த தங்க ஓலைகள் இரண்டும் ஜோதிமணியின் முந்தானையில் முடிந்திருந்தன. கிணற்றடி கழுவிவிடப்பட்டிருந்தது. தலையில் அடித்தாள், சேலையால் நெரித்தாள், ஓலையைக் கழற்றினாள், இரத்தத்தைக் கழுவினாள் என்று கோத்துவிட்டார்கள். கேட்பவருக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது, பார்த்தீர்களா?

என் தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். நம் கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்து வீடுகளில் ஓர் உயிர் பிரிந்தால் கூட இருப்பவள் முதலில் என்ன செய்வாள்? உடம்பு விறைக்குமுன் வாயைக் கட்ட வேண்டும். பெற்ற பிள்ளை ஓடிவந்து பார்க்கும்போது தாயின் வாய் திறந்து கிடக்கக் கூடாது. எந்தத் துணியால் கட்டுவாள்? கடைத்துணியாலா? கந்தல் துணியாலா? கடைசியாக உடனிருந்தவள், தான் உடுத்திய சேலையைக் கிழித்துக் கட்டுவாள்! கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவாள். காதிலும் மூக்கிலும் இருப்பதைக் கழற்றி முந்தானையில் முடிந்து, வாரிசு வந்ததும் அவர் கையில் ஒப்படைப்பாள். கீழே வைக்க மாட்டாள், பெட்டியில் பூட்ட மாட்டாள். உண்டா இல்லையா?

அதோ, மூன்றாம் வரிசையில் வள்ளியாத்தா அக்கா தலையாட்டுகிறார். “எங்க வீட்லயும் அப்படித்தானுங்” என்கிறார். நன்றி அக்கா. அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்திருங்கள், முடிவில் வாங்கிக்கொள்கிறேன்.

அன்று காலை பத்து மணி. கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லருகே சித்தம்மா வழுக்கி விழுந்தார். பின்மண்டை கல்லில் பட்டது. ஜோதிமணி ஓடிவந்து மடியில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மிடறு இறங்கியது, மூன்றாவது மிடறு இறங்கவில்லை. அவள் உடனே சித்தம்மாவின் மகன் கிரண் தம்பிக்குத்தான் பேசினாள். பெங்களூரிலிருந்து புறப்பட்டுவிட்டார். வந்துசேர நான்கு மணி நேரமாகும். வீட்டில் அவளும் அந்த உடம்பும் மட்டும்.

தம்பி வந்தார். தாயை வாரி மார்போடு அணைத்துக் கதறினார். எந்தப் பிள்ளை அணைக்காமல் இருப்பான்? நனைந்த தலையைச் சுற்றிக் கட்டியிருந்த வாய்க்கட்டு நழுவிக் கழுத்துக்கு இறங்கியது, இறுகியது. பிறகுதான் தம்பியின் கண் அதைக் கண்டது. ஓலையில்லாத காதைக் கண்டது. ‘அம்மங்கெ ஏன் மாடிதே?’ என்று அலறினார். அம்மாவை என்ன செய்தாய் என்று! ஜோதிமணி முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். அதற்குள் அலறல் கேட்டு ஓடிவந்தவர்கள் அவள் கையைப் பிடித்துவிட்டார்கள்.

தம்பி கிரண், உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் பார்த்ததைச் சொன்னீர்கள். அந்தத் தடம் உயிர் போன பின் விழுந்தது என்று இப்போது ஒரு மருத்துவ நிபுணர் எழுதித் தந்திருக்கிறார். அன்று அவளுக்கு வாய்த்த வக்கீல் ஒரு நிபுணரைக்கூடக் கூப்பிடவில்லை. அதனால்தான் இந்த மேல்முறையீடு.

பொறுங்கள். கைதட்டாதீர்கள். கைதட்ட வேண்டிய இடம் இதுவல்ல, கைதட்ட வேண்டிய ஆள் நானுமல்ல.

அந்த நான்கு மணி நேரத்தில் ஜோதிமணி இன்னொருவருக்கும் பேசினாள். இரண்டு நிமிடம். அந்த அழைப்பு காவல்துறைக் குறிப்பில் இருக்கிறது. யாருக்கு?

எனக்கு.

ஆம் ஐயா, எனக்குத்தான். “அண்ணா, அம்மா எந்திரிக்க மாட்டேங்கறாங்கண்ணா. மூச்சு இல்லீங்ண்ணா. எனக்கு ஒண்ணும் ஓடலீங்” என்று அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அழுவாத ஆத்தா. வெறைக்கறதுக்குள்ள வாயக் கட்டிரு. உன்ற சேலையிலயே கிழிச்சுக் கட்டு. ஓலையக் கழட்டி முந்தானைல முடிஞ்சுக்க, பையன் வந்ததும் கையில குடு. கல்லுல இருக்கற ரத்தத்தக் கழுவி உட்ரு, பெத்த தாய் ரத்தத்த அவன் பாக்க வேண்டாம்” என்றேன். சொன்னவன் நான்! செய்தவள் அவள்! எதை எதையெல்லாம் அவள் செய்த கொலைக்குச் சான்று என்று எழுதினார்களோ, அது அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்தது!

போலீஸ் என் வீட்டுக்கு வந்தது. என் மகள் தாரணிக்குத் திருமணம், இன்னும் பதினெட்டு நாள். பந்தல்காரர் வாசலில் நிற்கிறார். “அந்தம்மா உங்களிடம் என்ன பேசினாள்?” என்று கேட்டார்கள். நான் சொன்னேன், “சும்மா நலம் விசாரிச்சாங்க, கல்யாண வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டாங்க.”

அந்த ஒரு பொய் என்ன செய்தது தெரியுமா? பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதற்றமேயில்லாமல் கல்யாணக் கதை பேசிய கல்நெஞ்சக்காரி என்று அவளை ஆக்கியது! நீதிமன்றத்திலும் கூண்டேறி அதையே சொன்னேன். அரசுத் தரப்பு ஏழாவது சாட்சி நான்தான். அன்று எங்கே போகிறாய் என்று தலைவர் சேகரன் கேட்டார். ரேஷன் அட்டைக்குப் போகிறேன் என்று அவரிடமும் பொய் சொன்னேன். கூண்டில் நிற்கும்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

யார் நெஞ்சு பொறுக்கும்? இருபது வருடம் இல்லாத வழக்குகளுக்கெல்லாம் நியாயம் கேட்ட நாக்கு, இருந்த ஒரே வழக்கில் செத்துக் கிடந்தது.

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே! “செல்லக்கண்ணு அண்ணன் சொல்லித்தான் கட்டினேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. ‘யார் சொல்லிக் கட்டினாய்?’ என்ற கேள்விக்கு, ‘எங்க ஊர் வழக்கமுங்க’ என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வழக்குக் கட்டைப் படித்து என்னைத் தேடிவந்தவர் தீபா அம்மையார்தான். வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்டார்: “ஐயா, நலம் விசாரிக்கவா இரண்டு நிமிடம் அழுதாள்?” அழுத சத்தத்தை அடுத்த வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன மாதம் சிறைக்குப் போனேன். இளைத்திருந்தாள். “ஏன் ஆத்தா என்ற பேரச் சொல்லல?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள், ஐயா! சிரித்தாள். “சொல்லியிருந்தா தாரணி கல்யாணம் நின்னுருமுங்களேண்ணா” என்றாள். அடுத்து அவள் கேட்டது தன் விடுதலையைப் பற்றியல்ல, தன் மேல்முறையீட்டைப் பற்றியும் அல்ல. “அந்த ஓலை ரெண்டும் கிரண் தம்பி கைக்குப் போய்ச் சேந்துதுங்களாண்ணா? ஒப்படைக்கறதுக்குள்ள என்னையப் புடிச்சுட்டாங்க. அதான் மனசுல கெடக்குது” என்றாள்.

அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அறுபது வயதில் குழந்தையாய் அழுதேன். மகள் தாரணியிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். கையில் குழந்தையோடு நின்றவள் கேட்டாள், “என் கல்யாணத்துக்கா அப்பா அவங்க உள்ள இருக்காங்க?” மறுநாள் என்னைத் தீபா அம்மையாரிடம் அழைத்துப் போனதே அவள்தான். அதோ அமர்ந்திருக்கிறாள்.

மேல்முறையீட்டில் புதிய சாட்சியம் கேட்க உயர்நீதிமன்றம் அனுமதி தந்திருக்கிறது. அடுத்த மாதம் நான் மறுபடி கூண்டேறுகிறேன். “பொய்ச்சாட்சி சொன்னதற்கு உங்கள் மேலேயே வழக்கு வரலாம், ஐயா” என்று தீபா அம்மையார் எச்சரித்திருக்கிறார். வரட்டும்! அவள் இருந்த இடத்தில் நானும் கொஞ்சம் இருந்து பார்க்கிறேன்.

ஆனால் என் ஒரு நாக்கு போதாது. ஒருமுறை பொய் சொன்ன நாக்கை யார் நம்புவார்கள்? போலீஸ் அன்று நம் தெருவில் வீடுவீடாகக் கேட்டது, இப்படி ஒரு வழக்கம் உங்களில் உண்டா என்று. பயத்தில் எல்லோரும் ‘தெரியாது’ என்றோம். தாயின் வாயைக் கட்டிய கைகள், தகப்பனின் காலைக் கட்டிய கைகள், ஒன்றுகூட உயரவில்லை. அந்தத் ‘தெரியாது’வை இன்று திரும்பப் பெறுவோமா? இடப்பக்க மேசையில் தீபா அம்மையார் தாள்களோடு இருக்கிறார். செய்ததைச் செய்தோம் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். வள்ளியாத்தா அக்கா, முன்னே வாருங்கள். இப்போது உங்கள் சொல் வேண்டும்.

வருகிறார்! அவர் பின்னால் இன்னும் நால்வர்! மெதுவாக வாருங்கள் தாய்மார்களே, தாள் எல்லோருக்கும் இருக்கிறது.

தம்பி கிரண், மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஒரு சேதி மட்டும் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் ஓலைகள் நீதிமன்றத்தில் அரக்கு முத்திரையிட்ட உறைக்குள் கிடக்கின்றன. ஜோதிமணி வெளியே வந்ததும் அவற்றைத் தன் கையாலேயே உங்களிடம் ஒப்படைக்க ஆசைப்படுகிறாள். வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். நீங்கள் இடையிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். இன்னும் அமர்ந்திருக்கிறீர்கள். அது போதும் எனக்கு.

இவ்வளவையும் பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. சங்கம் தந்த பட்டத்தைத் தலைவர் முன்பு மேசையில் வைக்கிறேன். இனி யாராவது என்னை மேடைக்கு அழைத்தால், நாநயச் செம்மல் என்று அழைக்க வேண்டாம். ஏழாவது சாட்சி என்று அழையுங்கள், வருகிறேன். வணக்கம்.