ஏழரை மணிக்கு மரிசோல்

"இல்லம்மா, நீயே சொல்லு... கேரண்டின்னா என்ன அர்த்தம்? ரெண்டு வருசம்னு அட்டைப்பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கான். நான் வந்து நின்னா, 'எப்படிக் கெட்டுப்போச்சு?'ன்னு அந்தக் கவுண்டர் பொண்ணு என்னையே கேக்குது. எனக்குத் தெரிஞ்சா இதை எதுக்கு மினிபஸ்ல மடியில வச்சுத் தூக்கிட்டு வரப்போறேன்? கண்டக்டர் டிவிக்குத் தனியா டிக்கெட் போட்டான். அதுவும் உக்காந்துதானே வருதுங்கிறான்."

எண்டோலா நகரத்தில் டிவி, இஸ்திரிப் பெட்டியெல்லாம் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டர். பெஞ்சில், பேசிக்கொண்டிருந்த சிசாங்காவுக்குப் பக்கத்தில், மடியில் இஸ்திரிப் பெட்டியோடு ஒரு இளம்பெண். ஒரு தடவை மரியாதைக்குத் தலையாட்டிவிட்டாள், அதுதான் தப்பாய்ப் போயிற்று. சிசாங்கா செம்புச் சுரங்கத்தில் ரயில் இஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். இஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவருக்கு. இஞ்சின் போயும் குரல் இறங்கவில்லை.

"பழைய டிவியே தேவலாம்மா. சின்னதுதான். ஆன்டெனாவ ஜன்னல் பக்கம் திருப்பினா செய்தி, கதவுப் பக்கம் திருப்பினா பாட்டு, அவ்வளவுதான். மக்கர் பண்ணுச்சுன்னா தலையில ஒண்ணு வைப்பேன், கேக்கும். இதை எங்க அடிக்கிறது? தட்டு மாதிரி இருக்கு. மூத்தவன் சோம்பா தலைநகரத்துல, லுசாகாவுல வேலையா இருக்கான். கிறிஸ்மஸுக்கு வந்தவன் இதைச் செவுத்துல மாட்டிட்டுப் போயிட்டான். கூட ஒரு டப்பா, நூத்துக்கணக்குல சேனல். மாசாமாசம் பணத்தையும் அவனே கட்டுறான், அதனால நான் வாயத் திறக்கக் கூடாதாம். திறக்காம எப்படி இருக்கிறது? ஒரு சேனல்ல ஒருத்தன் நாள் பூரா மீன் புடிக்கிறான். சரி, எப்படிப் பொரிக்கிறான்னு பாப்போம்னு உக்காந்தேன். புடிச்ச மீனுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு, திரும்பத் தண்ணியிலயே விட்டுட்டான்மா. எங்க ஏரிக்கரையில ஒருத்தன் அப்படிச் செஞ்சுட்டு வந்தா, பொண்டாட்டி அவனை வீட்டுக்குள்ள சேப்பாளா?

"சரி, அந்த மீன்காரனை எடுத்துட்டு வேற நல்லதா ஏதாவது போடுங்கன்னு சொல்லலாம்னு டப்பா கம்பெனிக்கு போன் போட்டேன். ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குங்குது. அமுக்கினேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்'னு ஒரு பொண்ணு சொல்லிட்டு பாட்டு போடுது. முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே? அந்தப் பாட்டு இப்ப எனக்கு மனப்பாடம். போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லாரும் ஒரு பாட்டுப் பாட, நான் அதைப் பாடிக்கிட்டு இருந்திருக்கேன். பக்கத்துல நின்னவர் புத்தகத்துல பக்கம் தேடுறார்."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு கவுண்டரைப் பார்த்தாள். இன்னும் அவள் பேரைக் கூப்பிடவில்லை.

"அதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். ஏழரை மணிதான்மா பொறுக்க முடியல. எனக்கு ஏழரைக்குச் செய்தி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஏழரைக்குச் செய்தி. இந்த டிவி வந்ததுல இருந்து பனா சோம்பாவுக்கு, அதான் சோம்பாவோட அம்மா, எங்க வீட்டுக்காரிக்கு, ஏழரைக்கு மரிசோல். சீரியல்ல வர்றவ, எந்த ஊர்க்காரியோ, கடலுக்கு அந்தப் பக்கம். அவ அழுதா இவ அழறா. எங்கண்ணன் காலை ஒடிச்சுக்கிட்டுக் கெடந்தப்ப, 'பாத்து நடக்கக் கூடாதா?'ன்னு கேட்டவம்மா இவ. மரிசோல் குதிரையில இருந்து விழுந்தா மட்டும் இடுப்புல சுத்தின சித்தெங்கே துணி நனையுற மாதிரி அழுகை.

"அன்னிக்குச் சோளக்களி வச்சிருந்தா, வேர்க்கடலைப் பொடி போட்ட கீரை. கீரையில உப்பு இல்ல. உப்பு எடுன்னேன். 'விளம்பரம் வரட்டும்'னா. கேட்டியா? விளம்பரம் வரட்டுமாம். நானே எடுத்துக்கலாம்தான். உப்பு எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? உப்பில்லாமத் தின்னேன். மறுநாள் காலையில அவ சந்தைக்குப் போயிருந்தா, டிவி போயிடுச்சு."

அந்தப் பெண் ஏதோ கேட்டாள்.

"எப்படின்னா... சும்மாத்தான் இருந்தது, போயிடுச்சு. இந்தக் காலத்துச் சாமான் அப்படித்தான். பின்னாடி ஒரு மூடி, அதுல நாலு ஸ்க்ரூ, கடுகு மாதிரி. மூணு திரும்ப ஏறிடுச்சு. நாலாவதுதான் சோபாவுக்கு அடியில எங்கயோ உருண்டு..."

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அப்படிப் பாக்குற? ஒரே ஒரு ஒயரைத்தான் உருவினேன். ஒரு வாரம் போகட்டும், அவளுக்கு அந்தப் பைத்தியம் தெளியட்டும், அப்புறம் மாட்டிடலாம்னு. இஞ்சினையே பிரிச்சு மாட்டினவன் நான். இது என்ன பெரிய விஷயம்? மாட்டும்போதுதான் தெரிஞ்சுது, முனை ஒடிஞ்சு கையோட வந்திருக்கு.

"அழுவா, சண்டை போடுவான்னு பாத்தேன். ஏழேகாலுக்குத் துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா. அங்க பனா லோம்பே வீட்டுல தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் கூடுறாங்க. எனக்கு மூடி வச்ச களி. தனியா உக்காந்து களி உருட்டித் தின்னிருக்கியாம்மா? தொண்டையில நிக்கும். இப்பல்லாம் அவ சாப்பாடும் அங்கதான். வரும்போது சிரிச்சுக்கிட்டே வர்றா, வாசல்ல செருப்பைக் கழட்டும்போது அந்தச் சிரிப்பு நின்னு போயிடுது. நான் கூடப் போகலாம்னு நீ நினைப்பே. போக முடியாதும்மா. டிவி சத்தம் தாங்கலன்னு அந்த வீட்டு மேல சர்ச்சுப் பெரியவங்ககிட்டப் புகார் சொன்னது நான்தான். மூணு பெரியவங்க வந்து, தேங்காய் பிஸ்கட் தின்னுட்டு, குறைச்சு வைக்கச் சொல்லிட்டுப் போனாங்க. குறைச்சுட்டாங்க. இப்பச் செவுத்துல காதை வச்சாலும் சிரிப்புதான் கேக்குது, வசனம் கேக்கல.

"அழுற கதைக்கு என்ன சிரிப்பு? அந்த வக்கீல் உண்மையைச் சொல்லிட்டானா? குதிரையில இருந்து விழுந்ததுல அந்தப் புள்ளைக்குத் தான் யாருன்னே நினைவில்ல, பாரு. கட்டிக்கப் போறவன் அவங்கப்பாவ ஜெயிலுக்கு அனுப்பினவன். கல்யாண மணி அடிக்குது, அவ படியில கால் வைக்கிறா, அத்தோட நான்... அத்தோட டிவி நின்னு போச்சு. இல்ல, நான் பாக்க மாட்டேன். பேப்பர்தான் படிப்பேன். பேப்பருக்குப் பின்னால இருந்தாலும் காதுல விழத்தானே செய்யும்? கண்ணுலயும் கொஞ்சம் விழும். பேப்பர் என்ன செவுரா? பனா சோம்பாகிட்டக் கேட்டேன், சும்மா, பேச்சுக்கு. 'உங்களுக்குத்தான் புடிக்காதே'ன்னுட்டு விளக்கை அணைச்சுட்டா.

"என்னம்மா சொன்ன? இன்னிக்கா? இன்னிக்கே முடியுதா? அப்ப நீயும் பாக்குறே... அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? சொல்லும்மா, அந்தப் படியில ஏறினாளா இல்லையா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து கவுண்டரில் அவர் பேரைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக் டிவியைத் திருப்பி வைத்து, ஸ்க்ரூ இல்லாத ஓட்டையில் விரலை வைத்தான்.

"ஐயா, இதை யாரோ திறந்திருக்காங்க. திறந்தா கேரண்டி கெடையாது. பார்ட் வெளியூர்ல இருந்து வரணும். வந்தா போன் பண்றோம்."

சிசாங்கா சண்டை போடவில்லை. யாரோ என்று அவன் சொன்னது அவருக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு அவசரமாகத் திரும்பினார். பெஞ்ச் காலி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இஸ்திரிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பெண் சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். ஓட்டமும் நடையுமாகத்தான் போனாள்.

அன்று சாயங்காலமும் பனா சோம்பா களியை மூடி வைத்துவிட்டுப் போனாள். சிசாங்கா மூடியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடினார். சுவருக்கு அந்தப் பக்கம் சீரியல் பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றிப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

கதவைத் திறந்த பனா லோம்பேவுக்கு, சோம்பாவின் அப்பாவைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது. "பாஷி சோம்பா, சத்தம் அதிகமா இருக்கா? இதோ குறைச்சிடுறோம்."

"குறைக்காதீங்க," என்றார் சிசாங்கா. "எங்க வீட்டுக்கு ஒண்ணுமே கேக்கல."

உள்ளே பாயிலும் சோபாவிலுமாகப் பத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பனா சோம்பா திரும்பவில்லை. அவர் நாற்காலியைக் கதவோரம் போட்டு, பாதி உள்ளே பாதி வெளியே என்று உட்கார்ந்தார். திரையில் கறுப்பு முக்காடு போட்ட ஒருத்தி மாதாகோயிலுக்குள் நுழைந்தாள்.

"இவ யாரு புதுசா?" என்றாள் ஒருத்தி. யாருக்கும் தெரியவில்லை.

"புதுசு இல்ல," என்று கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. "டோலோரஸ். மரிசோலுக்குச் சித்தி. ஆரம்பத்துல ரெண்டே நாள் வந்துட்டு, கப்பல் ஏறிப் போனவ. மச்சத்தைப் பாருங்க."

இப்போதுதான் பனா சோம்பா மெதுவாகத் திரும்பி, புருஷனை மேலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"செய்தி பாக்குற மனுசனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"பேசாம இரு பனா சோம்பா," என்றார் சிசாங்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ ஏதோ சொல்ல வர்றா."