சிலுவை என் சம்மதத்துக்குக் காத்திருக்குமா?

தலைமை தாங்கும் ஆயர் ஐயா அவர்களே, ஆண்டர்சன்பேட்டைச் சபையின் மூப்பர்களே, மாரிகுப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, பாட்டுச் சத்தம் கேட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பக்கத்து லைன் வீட்டுச் சம்பங்கியம்மா, உங்கள் எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் இந்த பியூலாவின் ஸ்தோத்திரம்!

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் மறதி என்கிற வியாதி மட்டும் எனக்கு வந்ததே இல்லை. என் கல்யாணத்தில் கை நனைக்காமல் போனவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன். சிரிக்கிறீங்களா? சிரிங்க. முன்வரிசையில் சிரிக்கிற ரெண்டு வீட்டாரும் அதில் உண்டு.

அப்படிப்பட்டவள், என் வீட்டுக்காரரை அண்ணே என்று கூப்பிட்ட இன்பராஜை மறப்பேனா? நம்ம தங்கச் சுரங்கம் மூடுவதற்கு முந்தின வருஷம். ஷாஃப்ட் என்கிற குழியின் வாயில் நின்று, ஆட்கள் ஏறும் கூண்டை இறக்கச் சொல்லி எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு மணியடிக்கிறது அவன் வேலை. என் வீட்டுக்காரர் ஒரு காலைக் கூண்டில் வைத்திருக்கிறார், மறு கால் வெளியே. அவன் அவசரப்பட்டு மணியடித்தான். கூண்டு இறங்கியது. அவர் உயிர் போனது, என் வாழ்வும் இறங்கியது.

அன்றிலிருந்து அவன் கோயிலுக்கு வருவான், கடைசி பெஞ்சில் உட்காருவான். திருவிருந்து தொடங்கும்போது எழுந்து போய்விடுவான். அப்பமும் தொடமாட்டான், திராட்சரசமும் தொடமாட்டான். அவன் போகிற முதுகைப் பார்த்து, 'போடா, போ' என்று மனசுக்குள் சொல்லி மகிழ்ந்தவள் நான்!

போன வாரம் அவன் மகள் வின்னி வந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்பாவுக்கு நுரையீரல் முழுக்கச் சுரங்கத் தூசி, இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்க என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சாகிறதுக்குள் ஒரு தரம் திருவிருந்து எடுக்க ஆசையாம்.

"எடுக்கட்டுமே, நானா கையைப் புடிச்சேன்?" என்றேன்.

"நீங்க மன்னிச்சாதான் ஆண்டவரு மன்னிப்பாருன்னு சொல்றாரு பெரிம்மா. அண்ணி சரின்னு சொல்லாம எடுக்க மாட்டேன்றாரு."

"ஏன், உங்கப்பனுக்கு இன்னா, நான்தான் கடவுளா?"

வெடுக்கென்று கேட்டுவிட்டேன். கேட்ட வாய் மூடவில்லை. கை அரிசியிலேயே நின்றுவிட்டது. என் ஜனங்களே, யோசித்துப் பாருங்கள்! யாருடைய நாற்காலியில் அவன் என்னை உட்கார வைத்திருக்கிறான்? அதில் இத்தனை வருஷம் நானும் எப்படிச் சொகுசாய் உட்கார்ந்திருக்கிறேன்?

கல்வாரியில் சிந்திய ரத்தம் இந்தக் கிழவியின் தலையசைப்புக்குக் காத்திருக்குமா? ஆணி அறைந்தவர்களையே மன்னித்தவர், மணியடித்தவனை மன்னிக்க என் கையெழுத்தைக் கேட்பாரா? எனக்குக் கையெழுத்தே ஒழுங்காக வராது!

இன்னொன்றும் சொல்கிறேன். கூண்டில் இறங்கினவர்கள் எஞ்சின் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்ததில்லை. இருட்டுக்குள் இறங்கும்போதெல்லாம் மேலே ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கிறது என்று நம்பித்தான் இறங்கினார்கள். மணியடித்த மனுஷன் தவறினான், உண்மை. ஆனால் என் ஜீவனின் கயிறு இன்பராஜின் கையிலா இருந்தது? இல்லை! அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை! ஏன் நடந்தது என்று எனக்குத் தெரியாது. கயிற்றைப் பிடித்தவருக்குத் தெரியும். அது போதும் எனக்கு!

என்னம்மா அங்கே கடைசி பெஞ்சில் சலசலப்பு? அவன் எழுந்திருக்கிறானா? வின்னி, அப்பாவைப் பிடி.

டேய் இன்பராஜு, உட்காரு. உன்னை நான் இன்னும் மறக்கலை, முழுசா மன்னிச்சேன்னு இந்த மேடையில பொய் சொல்லவும் மாட்டேன். தெனம் கேக்கறேன், ஆண்டவரு கொஞ்சங் கொஞ்சமா தர்றாரு. ஆனா என் மனசு சின்னது. அதை வெச்சு அவரு மனசை அளக்காதே. அவரு எப்பவோ மன்னிச்சிட்டாரு.

பொறுமையாய்க் கேட்ட ஐயாமாரே, அம்மாமாரே, இடம் கொடுத்த ஆயர் ஐயாவே, நன்றி. திருவிருந்து மேசை ஆயத்தமாகிவிட்டது. நான் இறங்கி வருகிறேன், வழி விடுங்கள். அவனுக்கு மூச்சு வாங்கும், தனியாக மண்டியிட முடியாது. ஒரு பக்கம் வின்னி பிடிக்கட்டும், மறுபக்கம் நான் பிடிக்கிறேன். கர்த்தருக்கே மகிமை!